கோடை முகாம்: நாட்டுக்கதை நாள், ஜூன் 23

எல்லாருக்கும் வணக்கம். சங்க்ட் ஹான்ஸ் (நோர்வேக்காரரின்ர நடுக்கோடைத் திருநாள்) அண்டைக்குப் பிள்ளையளுக்கு நோர்வே நாட்டுக்கதை நாள். காலமை 9.30க்கு சொன்ஸ்வான் ஸ்டேஷன் வாசல், பின்னேரம் 4க்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கோ.

ஏரிக்கரையில நொக்கன் எண்ட தண்ணிப்பேயின்ர கதைதான் முதல், அது தண்ணிக்குள்ள ஒளிச்சிருந்து கிட்டப்போற ஆக்களை இழுக்கிறது, சின்னனுகளை ஏரிப்பக்கம் விடாமப் பண்ண அந்தக்காலத்தில சொல்லி வெருட்டினது, பிறகு வெயில் பட்டாக் கல்லாப்போற ட்ரோல் எண்ட பூதம், தொழுவத்தில இருக்கிற குள்ளன் நிஸ்ஸெ, அவருக்குக் கஞ்சியில வெண்ணெய் இல்லாட்டிக் கோவம் வந்திடும் (என்ர பிள்ளைக்கும்தான்).

1. மத்தியானச் சாப்பாடு, தண்ணி, மழைக்கோட் கட்டாயம்.
2. பிளாஸ்க்கில பால்கஞ்சி கொண்டுவருவம், பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளையள் எண்டா இப்பவே சொல்லுங்கோ.
3. நெருப்பு மூட்டமாட்டம், ஏப்ரல் 15 – செப்டம்பர் 15 காட்டுப்பக்கம் தடை.
4. கதை சொல்ல ரெண்டு பெற்றோர் வேணும்.

பிள்ளையின்ர பெயர், வயது ஜூன் 15க்குள்ள இதில போடுங்கோ.