ஏதெல்ஃப்ளெடின் மகளையும் எழுதுங்கள்

ஆங்கிலோ-சாக்சன் காலத்தை வைத்து நாவலும் தொலைக்காட்சித் தொடரும் எழுதுபவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் நூற்றாண்டில், இன்றைய இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா நாட்டை ஆண்ட ஏதெல்ஃப்ளெடின் பெயரே உங்கள் கதைகள் வழியாகத்தான் எனக்குத் தெரியவந்தது. அதற்கு நன்றி. அப்புறம் வரலாற்றைத் தேடிப் படித்தபோது மனம் கனத்துப்போனது. அதனால்தான் இந்த மடல்.

தெற்கே வெசெக்ஸ் நாட்டை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னரின் மூத்த மகளான அவருக்கு நீங்கள் ஒரு வீரனைக் காதலனாகக் கொடுத்தீர்கள். அந்தக் காதலுக்கு எந்தச் சான்றும் இல்லை. சரி, கதைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதற்கு இடம் விட்டு எதையெல்லாம் ஒதுக்கினீர்கள்?

911இல் கணவர் இறந்ததும் மெர்சியாவை அவரே ஆண்டார். 912இல் பிரிட்ஜ்நார்த், 913இல் டாம்வொர்த்தும் ஸ்டாஃபோர்டும், 914இல் வாரிக், 915இல் ரன்கார்ன் என்று வருடம் தவறாமல் அரண் கட்டினார். எந்த இடத்தில் கட்டுவது, யாரைக் காவலுக்கு வைப்பது என்று கணக்குப் போட்ட அந்த மூளையை உங்கள் கதைகளில் நான் அதிகம் பார்க்கவில்லை. 917இல் டேனியர்களிடமிருந்து, அதாவது அங்கே குடியேறியிருந்த வைக்கிங்குகளிடமிருந்து, டெர்பியைப் பிடித்தார். அங்கே வாயிலுக்குள்ளேயே அவருடைய நான்கு பிரபுக்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் அவருடைய அன்புக்குரியவர்கள் என்கிறது மெர்சிய ஆண்டுக்குறிப்பு, அதாவது மெர்சியாவின் நிகழ்வுகளை ஆண்டுவாரியாகச் சொல்லும் பழைய பதிவு. நான்கு வரிக்கு மேல் பேசாத குறிப்பு அது! வெற்றி பெற்ற அந்த இரவு அவருக்கு எப்படிக் கழிந்திருக்கும்?

918இல் லெஸ்டர் சண்டையில்லாமல் பணிந்தது. யார்க் மக்களும் அவருக்குக் கட்டுப்படுவதாக வாக்குக் கொடுத்தார்கள். ஜூன் 12 அன்று டாம்வொர்த்தில் இறந்துபோனார்.

ஆட்சி மகள் ஆல்ஃப்வின்னுக்குப் போனது. ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றில் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்கு ஆட்சி கைமாறியதாக நமக்குத் தெரிந்தது இந்த ஒரு முறைதான். ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. டிசம்பரில் தாய்மாமனும் வெசெக்ஸ் மன்னருமான எட்வர்ட் ஆல்ஃப்வின்னின் அதிகாரம் முழுவதையும் பறித்து, அவரை வெசெக்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். இதையும் சொல்வது மெர்சியக் குறிப்புதான். வெசெக்ஸின் வின்செஸ்டரில் எழுதப்பட்ட ஏட்டில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

டாம்வொர்த் கோட்டையருகே 1913இல் நிறுவிய சிலையில் ஏதெல்ஃப்ளெடுடன் ஒரு குழந்தை நிற்கிறது. அது தம்பி மகன் ஆதெல்ஸ்டன். பெற்ற மகளுக்கு அங்கேயும் இடமில்லை.

அடுத்த கதையை அந்த டிசம்பரில் தொடங்குங்கள். மாமாவின் ஆட்கள் வாசலில் வந்து நின்றபோது ஆல்ஃப்வின் அவர்களிடம் என்ன கேட்டிருப்பார் என்று எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி