ஒளிப்படத்தில் அசைவைச் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறைந்து நிற்பதுபோல் பதிவான உருவங்களுக்குக் கணினியில் மோஷன் பிளர் (அசைவு மங்கல்) சேர்த்து வேகத்தை உணர்த்துவது எப்படி என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை, ஸ்டுடியோத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஆர்வத்தோடு படித்தேன். உருவத்தைத் தேர்வுசெய்து, தனி லேயராக (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்காக)ப் பிரதியெடுத்து, மங்கலின் கோணமும் நீளமும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற அளவில் கட்டுரை நின்றுவிட்டது. அதே இதழின் முதல் பக்கத்தில் வந்த ஜல்லிக்கட்டுப் படத்திலும் இந்த உத்தி கையாளப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றியதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேமராவில் விழும் மங்கல் என்பது, ஒளியை உள்ளே விடும் ஷட்டர் திறந்திருந்த நேரத்துக்குள் உருவம் கடந்த தூரத்தின் பதிவு. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் நம் முன்னே குறுக்காக ஓடும் ஒருவர், 1/1000 விநாடியில் 6 மில்லிமீட்டர்தான் நகர்கிறார். 1/30 விநாடியில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள அவர் படத்தில் 1,700 பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளிகள்) உயரத்துக்குத் தெரிகிறார் என்றால், 1/30 விநாடிக்கு உரிய மங்கலின் நீளம் சுமார் 200 பிக்சல். இந்த எளிய கணக்கைப் போடாமல் கண் மதிப்பில் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போவதால்தான், நடந்து செல்லும் ஒருவர் ரயிலைப்போல் விரைவதாகக் காட்டும் படங்கள் பிறக்கின்றன.

கணக்குச் சரியாக இருந்தாலும், அந்த 200 பிக்சலை உடல் முழுவதற்கும் ஒரே சீராகக் கொடுத்தால் படம் பொய்யாகவே இருக்கும். ஓடுபவர் ஊன்றிய பாதம், ஊன்றியிருக்கும் அந்தச் சிறு பொழுதில் தரையோடு தரையாக நிற்கிறது. இடுப்பும் மார்பும் ஓட்டத்தின் வேகத்தில் செல்கின்றன. முன்னே வீசப்படும் மற்றக் காலும் கையும் அதைவிட விரைவாகச் செல்கின்றன. ஆகவே உண்மையான படத்தில் ஊன்றிய பாதம் தெளிவாகவும், வீசிய கால் ஏறக்குறையக் கரைந்தும் இருக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டால், உருளும் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அசைவற்றிருக்க, அதன் உச்சி சைக்கிளைப்போல் இரு மடங்கு வேகத்தில் நகர்கிறது. கேமராவை அசைக்காமல் எடுத்த படத்தில் கீழ்க் கம்பிகள் தெரிவதும் மேல்கம்பிகள் மறைவதும் இதனால்தான். சக்கரம் முழுவதும் ஒரே சீராகச் சுழல்வதுபோல் தெரிய வேண்டுமானால், சைக்கிளோடு கேமராவையும் திருப்பி எடுக்கும் பேனிங் முறையில்தான் அது கிடைக்கும். அப்போது பின்னணிதான் கோடுகளாக இழுபட வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பின்னணியை அப்படியே விட்டுவிடுகிற படங்களை விளம்பரங்களில் அடிக்கடி காண்கிறேன்.

இதற்கெல்லாம் கருவிகள் இல்லாமல் இல்லை. போட்டோஷாப்பில் 2014 பதிப்பிலிருந்து இருக்கும் பாத் பிளர் என்ற வசதி, ஒவ்வோர் உறுப்புக்கும் தனித் திசையும் நீளமும் தர உதவுகிறது. லேயர் மாஸ்க்கில் (அடுக்கின் வேண்டிய பகுதியை மட்டும் மறைக்கும் திரையில்) மென்மையான பிரஷ் கொண்டு பாதத்தையும் முகத்தையும் மீட்டெடுப்பது அதைவிடப் பழைய, இன்றும் நம்பத்தக்க வழி. நிழலை மறந்துவிடக் கூடாது: உருவம் கரைந்திருக்க அதன் நிழல் கத்தரித்த ஓரத்தோடு கிடந்தால், மற்றவை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை.

உருவத்துக்குப் பின்னால் மட்டும் வால்போல மங்கலை நீட்டலாம் என்று கட்டுரை சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அது சித்திரக் கதைகளில் ஓவியர்கள் வகுத்துக்கொண்ட மரபு. தொடர்ந்து ஒரே அளவில் ஒளி விழும்போது, கேமராவின் மங்கலில் முன் எது, பின் எது என்ற வேறுபாடே இருக்காது. ஷட்டர் மூடப்போகும் கடைசிக் கணத்தில் ஃபிளாஷ் ஒளிர்ந்தால்தான் உருவம் தெளிவாகவும் அதன் பின்னே தடமாகவும் பதிவாகும். தொடக்கத்திலேயே ஒளிர்ந்தால் தடம் முன்பக்கம் விழுந்து, ஆள் பின்னோக்கிப் பாய்வதுபோல் தோன்றும். நண்பகல் வெயிலில் எடுத்த படத்தில் அந்த வாலுக்கு இடமே இல்லை.

இனி ஜல்லிக்கட்டுப் படம். காளையின் குளம்படியில் தெறித்த தென்னை நார்த் துகள்கள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய தெளிவோடு நிற்கின்றன. அப்படியானால் ஷட்டர் மிக விரைவாக மூடியிருக்கிறது. ஆனால் அவற்றுக்கு நடுவே காளையின் உடல் மட்டும் நீளவாக்கில் இழுபட்டிருக்கிறது. அதைவிட முக்கியமானது வீரரின் கை. திமிலைப் பற்றிய கை காளையோடு சேர்ந்தே நகரும் என்பதால், காளைக்கு இருக்கும் மங்கல் கைக்கும் இருந்தாக வேண்டும். காளையை மட்டும் தேர்வுசெய்து மங்கலாக்கியதால், அந்தக் கை திமிலிலிருந்து நழுவியதுபோலத் தெரிகிறது. திமிலை மட்டுமே பிடிக்கலாம், கொம்பையும் வாலையும் பிடிக்கக் கூடாது என்ற விதியுள்ள விளையாட்டில், கை எங்கே இருந்தது என்பதுதான் படம் தரும் செய்தி. அந்த வீரர் மாட்டைத் தழுவி அடக்கினாரா இல்லையா என்ற கேள்விக்குப் படம் தவறான விடை தருகிறது. இது அவருக்கும், காளையை வளர்த்தவருக்கும் இழைக்கப்பட்ட அநீதி என்றே கருதுகிறேன்.

செய்திப் படத்தின் உள்ளடக்கத்தை மாற்றக் கூடாது, பின்னணியைக்கூடக் கணினியில் மங்கலாக்கக் கூடாது என்பது அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் ஒளிப்படக் கலைஞர்களுக்கு விதித்துள்ள நெறி. செய்திப் பக்கங்களிலும் விளையாட்டுப் பக்கங்களிலும் அதே நெறியைத் தாங்களும் மேற்கொள்ள வேண்டும். வேகம் தெரியும் படம் வேண்டுமென்றால், கலைஞரை 1/60 அல்லது 1/30 விநாடியில் பேனிங் செய்யச் சொல்லலாம். பத்துப் படங்களில் ஒன்பது வீணாகும் என்பது உண்மைதான், ஆனால் தேறும் ஒன்றில் வீரரின் கை இருந்த இடத்திலேயே இருக்கும்.

வாசகர் அனுப்பும் படங்களிலும் கவனம் தேவை. 2021இல் வெளிவந்த கூகுளின் ‘பிக்சல் 6’ செல்பேசி முதல், பின்னணியையோ அசையும் பொருளையோ தானாகவே மங்கலாக்கித் தரும் வசதி செல்பேசிகளிலேயே வந்துவிட்டது. எடுத்தவருக்கே தன் படத்தில் எவ்வளவு கணினி வேலை என்பது தெரியாமல் இருக்கலாம். இணைப்பிதழில் கலைநோக்கில் இத்தகைய படங்களை வெளியிடுவதில் எனக்கு மறுப்பில்லை; "அசைவு கணினியில் சேர்க்கப்பட்டது" என்ற வரி படத்தின் அடியிலேயே இருந்தால் போதும். அந்த ஜல்லிக்கட்டுப் படத்தின் மூலப் பதிவு தங்கள் அலுவலகத்தில் இருக்குமானால், அதை வரும் இதழில் அதே அளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ ஒளிப்படக் கலைஞர் ஒருவர்,
மதுரை.