வெள்ளவத்தையில் தொடர்மாடி கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாரே, அம்மாமாரே,

மார்கழியில் கொழும்பு குளிராது, ஆனால் ஆறும். இரவில் 22, 23 பாகைக்கு இறங்கும். விடியப்புறம் போர்வை தேடுகிறவர்களும் உண்டு. அந்த மாதத்திலும் எங்கள் வீட்டில் ஏசி போடாமல் நித்திரை கொள்ள முடியவில்லை. கடைசி மாடி, மேற்குப் பார்த்த அறை. இரவு ஒன்பது மணிக்குக் கட்டில் தலைமாட்டுச் சுவரில் புறங்கையை வைத்தால், தேத்தண்ணி ஊற்றிய கோப்பையின் வெளிப்பக்கம் போலச் சுடுகிறது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கொங்கிறீட் இரவில்தான் கக்குகிறது.

கரண்ட் பில்லைக் குறைக்க எங்களால் ஆனதெல்லாம் செய்துவிட்டோம். ஏசியை 26இல் வைத்து, கூடவே ஃபேனைச் சுழல விடுகிறோம். ஏசிக்குள் இருக்கும் தூசி வலையைக் கழற்றி மாதாமாதம் கழுவுகிறோம். தடித்த திரைச்சீலையும் போட்டோம். ஆனால் திரைச்சீலை உள்ளே அல்லவா தொங்குகிறது? கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் வெயில் அதில் படுகிறது. வந்த சூடு அறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அந்த வெயிலை யன்னலுக்கு வெளியே மறித்திருக்க வேண்டும். அதை நீங்கள்தான் செய்திருக்க முடியும்.

ஒரு தொன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு எடுக்கும். தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வேர்ட்டர் ஏசி என்றால் குறையும், சரி. ஆனால் சுவரும் கூரையும் விடாமல் சூடு தந்துகொண்டிருந்தால் அதுவும் ஓய்வில்லாமல்தான் ஓடும். நம் மின்பட்டியலில் மாதம் 60 அலகைத் தாண்டினாலே முதல் அலகிலிருந்து வேறு கணக்கு; 180ஐத் தாண்டினால் ஆக உயர்ந்த வீதம். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். இடையில் குறைத்தும் கூட்டியும் வந்தார்கள். ஆனால் அந்த இரண்டு அடியையும் எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் வயோதிபர்கள் ஏசியை வாங்கி மாட்டிவிட்டு, பில்லுக்குப் பயந்து போடாமல் வியர்த்துக்கொண்டு கிடப்பதை எங்கள் மாடிகளிலேயே பார்க்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

கனடாவில் இருக்கும் என் தம்பி பனிக்காலத்துக்கு முன்னரே யன்னல் இடுக்குகளை அடைத்து, வீட்டைச் சூடாக்கும் செலவைக் குறைக்கிறான். ஆனால் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சை வைத்தது வீட்டைக் கட்டியவர்கள். அங்கே கட்டட விதி அதைக் கேட்கிறது. சூட்டை வெளியே போகவிடாத அதே பொருள் இங்கே சூட்டை உள்ளே வரவிடாது. நம் கூரைக்கு அது இன்னும் அவசியம். சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒரு கிழமை முன்னர் மத்தியான வெயில் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நேரம் அடி வாங்குவது மொட்டைமாடிதான். அதற்கு ஒரு வெள்ளைப் பூச்சாவது பூசிக் கொடுத்தால் என்ன?

எங்கள் தொடர்மாடி எழும்பிய காணியில் முன்னர் ஓட்டு வீடொன்று இருந்தது. நீள விறாந்தை, உயர்ந்த கூரை, யன்னலுக்கு மேலே காற்றுப் போக விட்ட துவாரங்கள். அங்கே வாடகைக்கு இருந்த காலத்தில் ஒரு மேசை ஃபேன் போதுமாக இருந்தது. ஓட்டு வீட்டை நான் திருப்பிக் கேட்கவில்லை. காணி விலை எனக்கும் தெரியும். மேற்கு யன்னலுக்கு மேலே இரண்டடி நிழல் தட்டும், பின்னேர வெயில் சரிந்து வரும்போது மறிக்க வெளிப்பக்கத்தில் மரச்சட்டமும் கேட்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பக்கம் யன்னல் கேட்கிறேன், ஒரு பக்கத்தால் வரும் கடற்காற்று மறுபக்கத்தால் போக வேண்டும்.

இன்னொன்று. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் என்று நடுவில் விடுகிற குழியில் ஏசிகளின் வெளிப்பெட்டிகளைப் பொருத்த விடாதீர்கள். எங்கள் கட்டடத்தில் பத்துப் பெட்டிகள் அந்தக் குழிக்குள் அனல் ஊதுகின்றன. அந்தக் குழியைப் பார்த்துத்தான் எல்லார் குசினி யன்னலும் இருக்கிறது. ஒருவர் அறையைக் குளிராக்க, கீழ்வீட்டு அக்கா யன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கிறார்.

அடுத்த கட்டடத்தின் வரைபடத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் உங்கள் பொறியியலாளரையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு வந்தால் நல்லது. அந்தச் சுவரை உங்கள் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கடைசி மாடியில் குடியிருக்கும் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 6