தவளைத் தோல் காட்டும் வழி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் புதிய ஆன்டிபயாடிக் எப்போது வரும் என்றே கேட்கிறோம். கிருமிகளைக் கொல்ல உயிரினங்கள் தம் உடலிலேயே சுரக்கும் பெப்டைடுகள் என்ற சிறு புரதத் துணுக்குகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அறுவை செய்து தைத்து, கிருமிகள் நிறைந்த தொட்டி நீரில் விடப்பட்ட ஆப்பிரிக்கத் தவளைகளின் காயம் சீழ் பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்த அமெரிக்க மருத்துவர் மைக்கேல் ஜாஸ்லாஃப், அவற்றின் தோலிலிருந்து மெகைனின் என்ற பெப்டைடைப் பிரித்தெடுத்து 1987-இல் வெளியிட்டார். நேர்மின்னூட்டம் கொண்ட இச்சிறு புரதத் துணுக்கு, எதிர்மின்னூட்டம் மிகுந்த பாக்டீரியாவின் சவ்வில் ஒட்டிக்கொண்டு அதைத் துளைத்துவிடுகிறது.

ஆயினும், அதன் வழியில் உருவான பெக்ஸிகனான் களிம்பை நீரிழிவுக் கால்புண்ணுக்குப் பயன்படுத்த 1999-இல் அமெரிக்காவில் அனுமதி மறுக்கப்பட்டது. உடலின் நொதிகள் பெப்டைடுகளை விரைவில் சிதைத்துவிடுவதும் தயாரிப்புச் செலவும் இன்றும் தடைகளே.

என் கவலை வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு மருந்து பலிக்காதபோது மருத்துவர்கள் கையில் எடுக்கும் கொலிஸ்டினும் பெப்டைடு வகைதான். அதைக் கோழித் தீவனத்தில் கலந்து வீணடித்தோம். கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று சீனாவிலிருந்து 2015-இல் தெரியவந்த பிறகும், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா தடை செய்ய 2019 ஆயிற்று. பண்ணைகள் சூழ்ந்த ஊரில் வாழும் நான் கேட்பது ஒன்றே: புதிய பெப்டைடு மருந்துக்கு அனுமதி வழங்கும் அன்றே, அது தீவனத்தில் சேரக் கூடாது என்ற ஆணையும் வெளிவர வேண்டும்.

– வாசகர், நாமக்கல்