52 சனிக்கிழமைகளை எழுதிக் கொடுத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

சிவகாசியில் நேற்று ஆடிப்பெருக்கு. அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வெளியாகிவிட்டன. அப்பாவுக்கு இனி பிரஸ்ஸில் இரவு வேலைதான். நான் கிளம்ப இன்னும் 12 நாள் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரியில் இளங்கலை படிக்கப் போகிறேன். அங்கே ஒரு வருடச் செலவு 80,000 டாலருக்கு மேல். எங்கள் வீட்டிலிருந்து கட்ட வேண்டியது 1,200 டாலர். கொஞ்சம் வளாகத்துக்குள் வேலை பார்த்து நான் சம்பாதிக்க வேண்டும், மீதியைக் கல்லூரியே ஏற்றுக்கொள்கிறது. உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்லத்தான் நினைத்தேன். நாள் போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நிதி உதவி கேட்டால் இடம் தர மாட்டார்கள், வேண்டாம் என்று போட்டுவிட்டு சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கன்சல்டன்சியில் சொன்னார்கள். நம்பினேன். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. விண்ணப்பிக்கும்போதே கேட்காத வெளிநாட்டு மாணவர்களுக்குப் பிறகு உதவி கிடையாது என்று இரண்டு இடத்திலிருந்தும் ஒரே மாதிரி பதில் வந்தது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி சில இடங்களில்தான் நம்மிடம் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் சேர்க்கிறார்கள். மற்ற இடங்களில் அதையும் பார்ப்பார்கள், உண்மைதான். ஆனால் கட்ட முடியாத இடம் கிடைத்து என்ன பயன்? அன்று அப்பா என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்னொரு வருடம் வீட்டில் உட்கார விட்டார். முதல் நன்றி அதற்கு.

அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும் சென்னை எஜுகேஷன் யு.எஸ்.ஏ. மையத்து ஆலோசகர் மேடம், உங்களிடம் வந்த பிறகுதான் வழி தெரிந்தது. ஒரு ரூபாய் வாங்கவில்லை நீங்கள். அமெரிக்க அரசின் உதவிக்கான ஃபாஃப்சா படிவம் எனக்கு இல்லை, கல்லூரிகள் தரும் உதவிக்கான சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவம்தான் என்று சொன்னதே நீங்கள்தான். அதற்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 16 டாலர் என்று பார்த்ததும் நான் பயந்துவிட்டேன். "கல்லூரிக்கே மெயில் எழுதிக் கேளும்மா, கேட்பதில் தப்பில்லை" என்றீர்கள். நான்கு கல்லூரிகள் கட்டண விலக்கு கொடுத்தன.

அப்புறம், பிரஸ் கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு.

படிவத்தில் அப்பாவின் வருட வருமானத்தைக் கேட்டார்கள், அதற்கு ஆதாரமும் கேட்டார்கள். அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, வருமான வரிக் கணக்கு கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் கையில் வாரச் சம்பளம், அவ்வளவுதான். தம்பியின் ஸ்காலர்ஷிப்புக்கு முன்பு வாங்கிய வருமானச் சான்றிதழில் 72,000 என்று இருந்தது. அதையே கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. ஆங்கில டீச்சர்தான் தடுத்தார்கள். "இருப்பதே குறைவுதான் அண்ணாச்சி. அதை ஏன் இன்னும் குறைக்கணும்?" என்றார்கள். தன் கூலி எவ்வளவு என்று அப்பா அதுவரை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று டீச்சர் முன்னால் சொன்னார்.

ஐயா, நீங்கள் கூலிப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு 52 சனிக்கிழமைகளையும் வரிசையாக எழுதினீர்கள். காலண்டர் சீசனில், ராத்திரி 10 மணிக்கு மேல், மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு. தீபாவளி வாரத்தில் போனஸ் தனியாக, காய்ச்சலில் அப்பா போகாத இரண்டு வாரங்களில் சைபர். கூட்டினால் 2,38,400 ரூபாய், மூவாயிரம் டாலர்கூட வரவில்லை. பிரஸ் லெட்டர்ஹெட்டில் முதலாளியின் கையெழுத்து வாங்கி, முத்திரை வைத்து, கவரில் போட்டுக் கொடுத்தீர்கள். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை டீச்சர் செய்தார்கள். கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் அதற்கு மேல் ஒரு காகிதம்கூடக் கேட்கவில்லை. நீங்கள் பூஜ்யம் போட்ட அந்த இரண்டு வாரங்களைப் பார்த்துத்தான் மற்ற 50 வாரங்களையும் நம்பியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கணக்கு சார், நீங்கள் எனக்காக எழுதிய பரிந்துரைக் கடிதத்தை நான் படித்ததில்லை. படிக்கும் உரிமை வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே கொடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் மனதில் இருப்பது வராது என்று தமிழிலேயே நான்கு பக்கம் எழுதினீர்களாம். மொழிபெயர்த்த டீச்சர் அதில் என்ன இருக்கிறது என்று இன்னும் சொல்ல மறுக்கிறார்கள். தலைமை ஆசிரியை அம்மா, 'ஸ்கூல் கவுன்சிலர்' என்று ஒருவர் நம் பள்ளியில் இல்லாததால் அந்த வேலையையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பழைய பீரோவிலிருந்து தேடி எடுத்தீர்கள்.

போனிலேயே பழக்கமான தூத்துக்குடி அக்காவுக்கு: விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய என் 650 வார்த்தைக் கட்டுரையைப் பதினோரு தடவை படித்தீர்கள். முதல் பிரதி முழுக்க வீட்டுக் கஷ்டம். "கஷ்டமெல்லாம் சி.எஸ்.எஸ். படிவத்தில் இருக்கு. கட்டுரையில் நீ எங்கே?" என்று கேட்டீர்கள். நாலு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். பிறகுதான் அப்பாவின் கட்டிங் மெஷின் பக்கத்தில் நின்று தினசரி காலண்டர் தாள்களில் பிழை பார்த்ததையும், எட்டு வயதில் ஒரு கிழமை தப்பாக அச்சானதைக் கண்டுபிடித்ததையும் எழுதினேன்.

சித்தி, விசா கட்டணம் 185 டாலர், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர். உங்கள் வளையல் அடகில் இருக்கிறது. முதல் சம்பளம் அதற்குத்தான்.

மார்ச் கடைசியில் விடிகாலை 4:30 மணிக்கு முடிவு வந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா பிரஸ்ஸில் இருந்தார். போன் செய்தேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மூன்று தடவை சொன்னேன்.

எல்லாக் காகிதங்களின் நகலையும் ஒரு ஃபைலில் போட்டு டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன். சம்பளக் கடிதத்தின் மாதிரி மேலேயே இருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் யாராக இருந்தாலும் வாங்கிப் பார்க்கலாம். சனிக்கிழமை ராத்திரி நம் நேரம் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்வேன், அப்பா சம்பளம் வாங்கி வந்திருப்பார். சந்தேகம் இருந்தால் அப்போது வீட்டுக்கு வாருங்கள், பேசலாம்.

அன்புடன்,
கட்டிங் மெஷின்காரர் மகள்