ஜீப் டிரைவரின் நோட்டுகளைப் படித்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பாவின் ஒன்பது நோட்டுகளும் போன வாரம் முழுதாகக் கணினியில் ஏறிவிட்டன. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் சிலர் மலையில் இருக்கிறீர்கள், சிலர் கோயம்புத்தூரில். ஒருவர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்றே தெரியவில்லை. அதனால்தான் இப்படிப் பொதுவில் ஒரு மடல்.

அப்பா விஞ்ஞானி இல்லை, ஜீப் ஓட்டியவர். 1970-களின் கடைசியில், நாட்டு விதை சேகரிக்க வரும் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை, கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை என்று சுற்றினார். அதிகாரிகள் கையில் ஆங்கிலப் படிவம் இருக்கும்: சேகரிப்பு எண், பயிர், உள்ளூர்ப் பெயர், ஊர், உயரம், மண். அப்பாவின் நோட்டில் பெட்ரோல் கணக்கு, கிலோமீட்டர் ரீடிங், டீச் செலவு. இடையிடையே, பொழுது போகாமல் எழுதியதோ என்னவோ, அன்றைக்கு வாங்கிய விதைகளின் பெயர்கள் தமிழில். ஒரு பக்கத்து ஓரத்தில் இப்படி இருக்கிறது: "நல்ல கதிராப் பார்த்துப் பொறுக்கக் கூடாதாம். நோஞ்சான் கதிரும் வேணுமாம். ஐயா திட்டினார்." வயலில் இருக்கிற வகைவகையான குணங்கள் எல்லாம் பைக்குள் வரவேண்டும் என்பதற்காகத்தான் ஐயா அப்படிச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அது கடைசிவரை புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் பெட்ரோல் கணக்கால் யாருக்கு என்ன பயன் என்று நானும் கேட்டவள்தான். ஓர் அலுவலகத்தில் இரண்டு முறை "பழைய பேப்பர்தானேம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதாக, சேகரித்த விதைகளைக் குளிரில் பாதுகாத்து வைக்கிற ஒரு விதை வங்கியில் ஒரு விஞ்ஞானி அம்மா நோட்டைப் புரட்டினார், ரீடிங் இருந்த பக்கத்தில் நிறுத்திவிட்டு உட்காரச் சொன்னார். முதல் நன்றி அந்த நாற்காலிக்கு.

அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தக் காலத்தில் ஜி.பி.எஸ். கிடையாது. படிவத்தில் "கொல்லிமலை, சேலம் மாவட்டம்" என்று மட்டும் இருக்கும். அந்த மலை 1997-லிருந்து நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது என்பது சின்னச் சிக்கல்தான். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடுவே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்கும்போது, வெறும் "கொல்லிமலை" என்றால் எந்த உயரம், எந்தக் குளிர், எந்த மண்? விதை குளிர்அறையில் பத்திரமாக இருக்கும், ஆனால் அது பிறந்த இடம் தெரியாது. அப்பாவின் நோட்டிலோ மலையடிவாரக் காரவள்ளியில் ரீடிங் இவ்வளவு, வண்டியை நிறுத்தி விதை வாங்கிய இடத்தில் இவ்வளவு என்று இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ரோட்டில் அந்த இடம் கிடைத்துவிடும்.

கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தோம். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் நாலு கிலோமீட்டர் உதைத்தது. அங்கேதான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அண்ணன் வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். திரையில் விரலை வைத்து, "இந்த ரோடு பின்னாடி போட்டது. அன்னிக்கு ஓடை ஓரமா சுத்திப் போவணும்" என்றார். சுற்றைச் சேர்த்தோம், சரியாகப் பொருந்தியது. அண்ணே, அன்றைக்கு உங்களுக்கு ஒரு டீதான் வாங்கிக் கொடுத்தேன், ரொம்பக் குறைச்சல்.

தட்டச்சு செய்த கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் ஒரு வம்பு. "அரியூர்" என்று போட்டதும் கணினி வேலூர் பக்கத்து அரியூரில் போய்ப் புள்ளி வைத்துவிட்டது. கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். அங்கத்திய அரியூர் நாட்டுச் சாமை இரண்டு நாள் வேலூரில் இருந்தது! 2.11.79 என்பதைப் பிப்ரவரி 11 என்று எடுத்துக்கொண்டது இன்னொரு கூத்து. "பிப்ரவரியில் எந்தச் சாமை காட்டில் நிற்கும்?" என்று கேட்டுப் பிடித்த தங்கை விவசாய வீட்டுப் பெண். தெரியாத தேதியை ஊகித்து நிரப்பாதே, வருடத்தையும் மாதத்தையும் போட்டுவிட்டு நாள் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போடு என்பது விதை வங்கிகளின் பன்னாட்டு வழக்கம். அதை நீங்கள் பிடிவாதமாகக் கடைப்பிடித்ததால்தான் எங்கள் பட்டியலில் இத்தனை கோடுகள். எனக்கு அந்தக் கோடுகள் பிடித்திருக்கின்றன.

அப்பாவின் கையெழுத்து டாக்டர் சீட்டு மாதிரி. அதைப் படித்தது அம்மா. ஐந்தாவது வரை படித்தவர். அப்பா கேம்ப்பிலிருந்து போட்ட கடிதங்களைப் படித்துப் படித்துத் தேறிய கண். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தினமும் நாலு பக்கம். நடுவில் ஒரு பக்கத்தில் "புடவை 38 ரூ." என்று வந்ததும் அன்றைய வேலை நின்றுபோனது.

பெயர்கள்தான் பெரிய பாடு. ஆங்கில எழுத்தில் ல, ள, ழ எல்லாம் ஒன்று. ர, ற ஒன்று. படிவத்தில் ஒரே சாமை மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ரகமாகக் கிடந்தது. அப்பாவின் தமிழ்ப் பெயரை வைத்து ஓரளவு சேர்த்தோம். மிச்சத்தை வாழவந்தி நாட்டுப் பாட்டிகளிடம் கொண்டுபோய் ஒவ்வொன்றாக வாசித்தேன். கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை என்று வரும்போது தலையசைத்தார்கள். "பெரிய சாமை" என்றதும் சிரித்துவிட்டார்கள். "அது பேரில்ல கண்ணு. பெருஞ்சாமைதான் பேரு. எவனோ வந்து இது என்னான்னு கேட்டிருப்பான், பெரிய சாமைன்னு சொல்லியிருப்பாங்க." அன்று மத்தியானம் மட்டும் இப்படி ஐந்து பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். சாப்பாடும் போட்டு அனுப்பினீர்கள், பாட்டி.

விதை கொடுத்த விவசாயிகளின் பெயர்களும் நோட்டில் இருந்தன. கேட்காமல் வெளியிடக் கூடாது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் மறைத்துத்தான் மலைக்குக் கொண்டுபோனோம். ஒரு அக்கா கோபப்பட்டார்: "எங்க மாமனார் பேரை எதுக்கு மறைக்கிறீங்க? வெதை குடுத்தது அவருதானே?" சரியான கேள்வி. சம்மதித்த வீட்டுப் பெயர்கள் இப்போது இருக்கின்றன. நாங்கள் போய்ச் சேர முடியாத குடும்பங்களின் பெயர்கள் மட்டும் மறைவில்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதிக்கு மேற்பட்ட எண்கள் இன்னும் பொருந்தவில்லை. வயலில் விதைக்கு ஓர் எண், வங்கிக்குள் நுழையும்போது வேறோர் எண். இரண்டையும் இணைக்கும் பதிவேடு தொலைந்தால் அவ்வளவுதான். ரோமில் 1974-ல் தொடங்கிய பன்னாட்டுத் தாவர மரபுவள வாரியம் ஆதரித்த 500-க்கு மேற்பட்ட சேகரிப்புப் பயணங்களின் காகிதங்களைப் பிற்பாடு ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள் என்று விஞ்ஞானி அம்மா காட்டினார். எங்கள் ஒன்பது நோட்டு அதற்கு முன் கொசுறு. ஆனாலும் அதைப் பார்த்த பிறகுதான் விடாமல் செய்தோம்.

கண்ணாடி வைத்த மரச்சட்டம் செய்து கொடுத்துக் கூலி வாங்க மறுத்த ஆசாரிக்கும், துருப்பிடித்த பின்களைப் பக்கம் கிழியாமல் எடுத்த என் சின்னவனுக்கும் நன்றி.

இனி ஒரு வேலை பாக்கி. நான்காம் நோட்டின் கடைசிப் பக்கம் மழையில் நனைந்தது. பென்சிலில் எழுதியது நிற்கிறது, பேனா மை ஊறிவிட்டது. "வ" என்று தொடங்கும் ஒரு பெயர், அதற்கு மேல் தெரியவில்லை. ரீடிங் மட்டும் பென்சிலில் இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது குச்சிக்கிழங்குக் காடு, ஓரமாக இரண்டு வீடு இருக்கிறது என்கிறார் டிரைவர் அண்ணன். பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு சித்திரை முடிந்ததும் வருகிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, அந்த வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
ஜீப் டிரைவரின் மகள்