சிப்பாய் புரட்சி ஓவியம்: ஞாயிறு சீரமைப்பு

சத்துவாச்சாரி குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

பூங்கா மதிலில் உள்ள 1806 வேலூர் சிப்பாய் புரட்சி ஓவியத்தின் கீழ்ப்பகுதி உப்பு பூத்து உதிர்கிறது. ஜூலை 10 நினைவு நாளுக்குள் சரிசெய்தாக வேண்டும்.

வரும் ஞாயிறு, காலை 6 மணி. வெயில் ஏறும் முன் முடிப்போம்.

1. தயவுசெய்து தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். ஈரம்தான் சுவருக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுக்கிறது. காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும்.
2. உறுதியாக ஒட்டியிருக்கும் வண்ணத்தைச் சுரண்டாதீர்கள். உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்புவோம்.
3. பிரஷ், முகக்கவசம் கொண்டு வாருங்கள்.
4. ஓவியத்தில், சிப்பாய்கள் கோட்டையில் ஏற்றிய திப்பு சுல்தான் கொடி அடியோடு வெளிறிவிட்டது. ஓவியத்தின் பழைய போட்டோ இருந்தால் அவசியம் இங்கே போடுங்கள்.
5. சனி இரவே வண்டிகளை எடுத்துவிடுங்கள்.

வருபவர்கள் வெள்ளிக்குள் பதில் போடுங்கள்.